பீரங்கி எவ்வளவு தூரம் சுடும்? – வாசகர் கேள்வி பதில்

கோட்டை, போர், நகரம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். சிலவற்றுக்கு நீளமாகப் பதில் வரும், சிலவற்றுக்கு நாலு வரிதான்.

கே: ஐரோப்பாவின் பழைய கோட்டைகளை மேலிருந்து எடுத்த படங்களில் பார்த்தால் நட்சத்திரம் மாதிரி இருக்கின்றன. அழகுக்காகக் கட்டினார்களா, ஏதாவது நம்பிக்கையா?

ப: சுத்தமான ஜியாமெட்ரி. கட்டியவர்களில் யாரும் அதை மேலிருந்து பார்த்ததே கிடையாது.

பீரங்கி வருவதற்கு முன்னால் மதில் என்றால் உயரம்தான் முக்கியம். ஏணி எட்டக் கூடாது, மேலே நிற்பவன் கீழே கல் போட வசதி வேண்டும், அவ்வளவுதான். கான்ஸ்டான்டிநோபிளின் (இன்றைய இஸ்தான்புல், அன்று பைசாந்தியப் பேரரசின் தலைநகரம்) நிலப்பக்க மதில்கள் ஐந்தாம் நூற்றாண்டில் கட்டியவை. முதலில் அகழி, அப்புறம் வெளிமதில், அதற்குப் பின்னால் சுமார் 12 மீட்டர் உயரத்துக்கு உள்மதில், அதில் 96 கோபுரங்கள். ஆயிரம் ஆண்டுகளாக எத்தனையோ படைகள் வந்து முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. 1453-ல் ஒட்டோமான் துருக்கிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் பெரிய பீரங்கிகளோடு வந்தார், 53 நாளில் நகரம் விழுந்தது. பீரங்கி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, உள்ளே ஆளும் பணமும் மிகக் குறைவு. அந்தப் பெரிய பீரங்கியை வார்த்துக் கொடுத்த ஓர்பன் என்பவர் முதலில் வேலை கேட்டுப் போனதே பைசாந்தியப் பேரரசரிடம்தான். அவரால் கேட்ட சம்பளத்தைக் கொடுக்க முடியவில்லை, ஆள் எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

அடுத்த அடி 1494-ல். பிரான்சின் எட்டாம் சார்லஸ் குதிரைகள் இழுக்கும் வெண்கலப் பீரங்கிகளோடு இத்தாலிக்குள் நுழைந்தபோது, மாதக்கணக்கில் தாங்கும் என்று நினைத்திருந்த கோட்டைகள் சில மணி நேரத்தில் இடிந்தன. உயரமான, ஒல்லியான கல் மதில் பீரங்கிக்கு எளிய இலக்கு, அதுவும் அடிவாரத்தில் சுட்டால் மேல்பாதி தானாகவே சரிந்துவிடும். ஆகவே மதிலைத் தாழ்த்தினார்கள், தடிமனாக்கினார்கள், பின்னால் மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள். ஆனால் தாழ்வான மதிலில் ஏறுவது சுலபம். அப்படியென்றால் மதிலை ஒட்டி வருகிறவனைப் பக்கவாட்டிலிருந்து சுட்டாக வேண்டும்.

இங்கேதான் நட்சத்திரம் வருகிறது. வட்டமான கோபுரத்துக்கு நேர் முன்னால் ஒரு சின்ன முக்கோண இடம் இருக்கும், பக்கத்துக் கோபுரங்களிலிருந்து எப்படிச் சுட்டாலும் அந்த இடத்தில் குண்டு படாது. எதிரி அங்கே ஒதுங்கி நின்று நிதானமாக அடியில் சுரங்கம் தோண்டலாம். அந்த முக்கோணத்தையே கட்டடமாக நிரப்பிவிட்டால்? வட்டம் போய் அம்புமுனை மாதிரி ஒரு கொத்தளம் கிடைக்கும். ஒவ்வொரு கொத்தளமும் பக்கத்துக் கொத்தளத்தின் முகத்தைக் காக்கும், ஒளிய ஓர் அடி இடம்கூட மிஞ்சாது. இப்படிக் கொத்தளங்களை வரிசையாக வைத்துச் சுற்றி வந்தால் கிடைப்பதுதான் நீங்கள் படத்தில் பார்த்த நட்சத்திரம். வெனிஸ் 1593-ல் கட்டத் தொடங்கிய பால்மநோவாவுக்கு ஒன்பது முனை. காகிதத்தில் அவ்வளவு கச்சிதமான நகரம், குடியிருக்கத்தான் ஆள் வரவில்லை. கடைசியில் 1622-ல் குற்றவாளிகளுக்கு மன்னிப்பு கொடுத்து, வீடு கட்ட இலவசமாக மனையும் கொடுத்துக் குடியேற்ற வேண்டியிருந்தது.

கே: கோட்டை மேலிருந்து கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார்கள் என்பது நிஜமா? சுழல் படிக்கட்டுகள் வலப்பக்கமாகச் சுற்றிப் போவது வாள் வீச வசதிக்காகவா?

ப: எண்ணெய் அந்தக் காலத்தில் விலை அதிகம், முற்றுகையின்போது அது சாப்பாடும்கூட. சுத்தமாக நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் கல், கொதிக்கும் தண்ணீர், சூடாக்கிய மணல், சுண்ணாம்பு இவைதான் வழக்கமான பொருட்கள். சூடான மணல் கவசத்தின் இடுக்கு வழியாக உள்ளே போய்விடும், எண்ணெயைவிட மோசம்.

படிக்கட்டுக் கதையை வழிகாட்டிகள் எல்லாக் கோட்டையிலும் சொல்வார்கள்: மேலே நின்று காப்பவனின் வலக்கைக்கு இடம் இருக்கும், கீழிருந்து ஏறுபவனின் வாள் நடுத்தூணில் இடிக்கும் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படி நினைத்துத்தான் கட்டினார்கள் என்பதற்கு இடைக்கால ஆவணம் எதுவும் இல்லை, இந்த விளக்கம் பிரபலமானதே இருபதாம் நூற்றாண்டில்தான். எதிர்ப்பக்கமாகச் சுற்றும் படிக்கட்டுகளும் நிறைய இருக்கின்றன. எதிரி படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டால் அந்தக் கோட்டையின் கதை ஏறக்குறைய முடிந்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

கே: கோட்டை ராஜாவுக்கும் சிப்பாய்க்கும் சம்பந்தப்பட்டது. உள்ளே இருந்த சாதாரண ஜனங்களின் வாழ்க்கையை அது எந்த அளவுக்கு மாற்றியது?

ப: வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகப் போகிறேன்.

முதல் பாதிப்பு பணம். நட்சத்திரக் கோட்டை கட்டுவது ஒரு நகரத்தைத் திவாலாக்கக்கூடிய வேலை. இத்தாலியின் சியென்னா நகரம் 1550-களில் புதுப் பாணிக் கோட்டைகளுக்குப் பணத்தைக் கொட்டியது. எதிரிப்படை வந்தபோது கோட்டைகள் பாதி முடிந்த நிலையில் நின்றன, கூலிப்படைக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லை. 1555-ல் சரணடைந்தது. சுதந்திர நகரமாக அதன் வரலாறு அத்தோடு சரி.

இரண்டாவது நெரிசல். பழைய மதிலாக இருந்தால் ஊர் பெருத்தபோது இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு சுற்று கட்டிக்கொள்ளலாம். கொத்தளமும் அகழியும் வெளிக்காப்பும் சேர்ந்து ஐந்நூறு மீட்டர் அகலத்துக்குப் பரந்து கிடக்கும் அமைப்பை யார் நகர்த்துவது? ஆகவே ஊர் மேல்நோக்கி வளர்ந்தது. மாடிக்கு மேல் மாடி, கொல்லைப்புறத்திலும் கட்டடம், வெளிச்சம் வராத சந்து. பழைய ஊர்களின் குறுகலான தெருக்களைப் பார்த்து நாம் ரசிக்கிறோம், அங்கே வாடகை கொடுத்து இருந்தவர்கள் ரசித்திருக்க வாய்ப்பில்லை.

மூன்றாவதுதான் விசேஷம்: காலி இடம். மதிலுக்கு வெளியே குறிப்பிட்ட தூரம் வரை எதுவும் இருக்கக் கூடாது. வீடு கூடாது, மரம் கூடாது, உயரமான வேலி கூடாது. எதிரி மறைந்து நிற்க இடம் தரக் கூடாது என்பதற்காகச் சட்டம் போட்டுக் காலியாக வைத்த வெளி அது. எவ்வளவு தூரம் என்பதைத் தீர்மானித்தது பீரங்கி எவ்வளவு தூரம் சுடும் என்பது.

வியன்னாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1529-லும் 1683-லும் ஒட்டோமான் படை முற்றுகையிட்ட நகரம். மதிலுக்கும் புறநகருக்கும் நடுவே ஒரு பெரிய வெட்டவெளியை வைத்திருந்தார்கள். 1857 டிசம்பரில் பேரரசர் பிரான்ஸ் யோசப் மதிலை இடிக்க உத்தரவு போட்டபோது, ஒரு தலைநகரத்தின் நட்டநடுவில், அரசுக்குச் சொந்தமாக, சுற்றிலும் வளையமாகக் காலி மனை கிடைத்தது. இப்படி ஒரு லாட்டரி எந்த நகரத்துக்கும் அடித்ததில்லை. மனைகளை விற்று வந்த பணத்தில் ரிங் சாலை போட்டார்கள், 1865-ல் திறந்தார்கள். ஓபரா, நாடாளுமன்றம், நகர மன்றம், பல்கலைக்கழகம் எல்லாம் அந்த வெளியில்தான் நிற்கின்றன. அதற்கும் வெளியே 1704-ல் போட்ட இன்னொரு காப்பு வளையம் இருந்தது, அதுவும் இடிபட்டுக் கியூர்ட்டல் என்ற சாலை ஆனது. அந்த ஊரில் நீங்கள் எந்த வளையச் சாலையில் போனாலும் ஒரு பழைய போர்முனையில்தான் போகிறீர்கள்.

பாரிஸில் இதே கதை அழுக்காக நடந்தது. 1840-களில் சுமார் 33 கிலோமீட்டருக்கு ஒரு மதில் கட்டினார்கள், அதற்கு வெளியே 250 மீட்டர் வரை கட்டடம் கூடாது என்று சட்டம். வேறு எங்கேயும் இடம் கிடைக்காத ஏழைகள் அந்தத் தடை செய்த நிலத்தில் தகரமும் பலகையும் வைத்துக் குடிசை போட்டார்கள். அது பல தலைமுறை நீடித்தது. 1919-க்குப் பின் மதிலை இடித்தார்கள், மதில் நின்ற இடத்தில் மலிவு வாடகைக் குடியிருப்புகள் வந்தன, கடைசியில் 1973-ல் சுற்றுச்சாலை முழுமையடைந்தது. இன்றைக்கும் பாரிஸுக்கு உள்ளே, வெளியே என்று பேசும்போது அவர்கள் மனதில் இருக்கும் கோடு ஏறக்குறைய அந்த மதிலின் கோடுதான்.

கல்கத்தாவின் மைதானமும் இந்த வகையறாவே. 1756-ல் வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா பழைய வில்லியம் கோட்டையைத் தாக்கியபோது, கோட்டையை ஒட்டி இருந்த கட்டடங்கள் தாக்குபவர்களுக்கு வசதியாகப் போய்விட்டன. அடுத்த கோட்டையைக் கட்டும்போது கம்பெனிக்காரர்கள் கோவிந்தபூர் என்ற ஊரையே காலி செய்து, சுற்றிலும் வெட்டவெளி ஆக்கினார்கள். புதுக் கோட்டையை யாரும் முற்றுகையிடவே இல்லை. வெட்டவெளியில் இன்றைக்கு கிரிக்கெட் ஆடுகிறார்கள், கட்சிக் கூட்டம் போடுகிறார்கள், நிலம் இன்னும் ராணுவத்தின் கையில்தான். சென்னையிலும் 1746-ல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் பக்கத்தில் இருந்த பழைய கறுப்பர் நகரத்தில் பெரும்பகுதியை இடித்தார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயர் அங்கே மறுபடி வீடு கட்ட விடவில்லை. உயர் நீதிமன்றம் நிற்பது அந்த இடத்தில்தான்.

கே: பாரிஸின் அகலமான சாலைகள் மக்களைச் சுடுவதற்காகவே போடப்பட்டவை என்று படித்தேன். சரியா?

ப: பாதி சரி. 1830-லும் 1848-லும் பாரிஸ் மக்கள் குறுகலான தெருக்களில் தட்டுமுட்டுச் சாமான்களையும் தெருக்கற்களையும் அடுக்கித் தடுப்பரண் போட்டே ஆட்சியை மாற்றியவர்கள். 1853-ல் பாரிஸைத் திருத்திக் கட்டும் வேலையை ஓஸ்மான் என்ற அதிகாரி எடுத்துக்கொண்டபோது, அவரை நியமித்த பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்கு அந்த ஞாபகம் இல்லாமல் இருக்குமா? கலகத்துக்குப் பேர்போன பழைய பகுதியைக் கிழித்துக்கொண்டு புதுச் சாலை போவதில் தனக்கு இருந்த திருப்தியை ஓஸ்மானே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

ஆனால் அதே சாலைக்கு அடியில் அவர் போட்ட சாக்கடையும் குடிநீர்க் குழாயும் படை நடத்த அல்ல. காலராவுக்கு அந்த நகரம் ஆயிரக்கணக்கில் பலி கொடுத்திருந்தது, ரயில் நிலையங்களை இணைக்க வழி இல்லை, நில வியாபாரிகளுக்கு நல்ல லாபம். எல்லாம் சேர்ந்து நடந்ததுதான். அகலமான சாலை போட்டால் கலகம் வராது என்ற கணக்கும் தப்பிப்போனது. 1871-ல் பாரிஸைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்ட புரட்சிக்காரர்களான கம்யூன்காரர்கள் அந்தப் பெரிய சாலைகளிலேயே தடுப்பரண் போட்டார்கள். ராணுவம் பல இடங்களில் அவற்றைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்னாலிருந்து தாக்கியது. அதற்கு அகலமான சாலைகள் உதவின என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கே: கல் கோட்டை வலுவா, மண் கோட்டை வலுவா?

ப: பீரங்கிக்கு எதிரே என்றால் மண். கல் குண்டடி பட்டால் பிளக்கும், சில்லுகள் பறந்து உள்ளே இருப்பவனையே கொல்லும். மண் குண்டை விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும். ராஜஸ்தானின் பரத்பூர் கோட்டைக்கு வெளிப்புறம் தடித்த மண் மதில். 1805-ல் ஆங்கிலேயத் தளபதி லார்ட் லேக் நான்கு முறை ஏறித் தாக்கினார், மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள், கோட்டை விழவில்லை. 1826 ஜனவரியில் வேறொரு தளபதி வந்து, மேலே சுடுவதை நம்பாமல் அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்தை நிரப்பித்தான் அதைப் பிளக்க முடிந்தது. மண்ணுக்கு இருக்கும் ஒரே குறை மழை, வருஷா வருஷம் பராமரிக்க ஆள் வேண்டும்.

கே: விமானம் வந்த பிறகு கோட்டைக்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டதா?

ப: விமானத்துக்கு முன்பே போய்விட்டது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரைச் சுற்றிப் பன்னிரண்டு கான்கிரீட் கோட்டைகள், 1880-களின் கடைசியில் கட்டியவை, அந்தக் காலத்தின் உச்சத் தொழில்நுட்பம். பீரங்கி தூரம் கூடிவிட்டதால் மதிலை ஊரை ஒட்டிக் கட்டிப் பிரயோஜனம் இல்லை, ஊருக்குச் சில கிலோமீட்டர் தள்ளி வளையமாகத் தனித்தனிக் கோட்டைகள் வைக்க வேண்டும் என்பது அன்றைய சிந்தனை. 1914 ஆகஸ்டில் ஜெர்மானியர்கள் 42 சென்டிமீட்டர் வாய் அகலமுள்ள பீரங்கிகளைக் கொண்டுவந்தார்கள். ஆகஸ்ட் 15 அன்று ஒரு குண்டு லோன்சின் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்குக்குள்ளேயே போய் வெடித்தது. உள்ளே கம்பி வைக்காத கான்கிரீட், மொத்தமாகச் சரிந்தது. சுமார் 350 பேர் இறந்தார்கள், பெரும்பாலானவர்களின் உடல்கள் இன்னும் அந்த இடிபாட்டுக்குள்தான் கிடக்கின்றன.

விமானம் செய்தது வேறு காரியம். அதுவரை நகரத்துக்கு ஓரம் என்று ஒன்று இருந்தது, அந்த ஓரத்தைக் காத்தால் உள்ளே இருப்பவன் தூங்கலாம். 1937-ல் ஸ்பெயினின் கெர்னிக்காவிலும் 1940-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாமிலும் இங்கிலாந்தின் கோவென்ட்ரியிலும் விமானங்கள் குண்டு போட்டபோது அது முடிந்துபோனது. எந்த வீடும் போர்முனை என்று ஆனபோது பாதுகாப்பு கீழே இறங்கியது. லண்டன்வாசிகள் சுரங்க ரயில் நிலையங்களில் படுத்தார்கள், அரசு முதலில் கூடாது என்றுதான் சொல்லிப் பார்த்தது, ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு இறங்கி மேலே வர மறுத்துவிட்டார்கள்.

ஜெர்மானியர்கள் நேர் எதிராக மேலே கட்டினார்கள். பெர்லின், ஹாம்பர்க், வியன்னா மூன்று நகரங்களிலும் விமான எதிர்ப்புப் பீரங்கிக் கோபுரங்கள், சில சுவர்கள் மூன்றரை மீட்டர் தடிமன், உள்ளே ஆயிரக்கணக்கானவர்கள் ஒதுங்கலாம். போர் முடிந்ததும் இவற்றை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை, வெடி வைத்தால் பக்கத்துத் தெருவும் சேர்ந்து போய்விடும். வியன்னாவில் கட்டிய ஆறு கோபுரங்களும் அப்படியே நிற்கின்றன. அதில் ஒன்றுக்குள் மீன் காட்சியகம் நடக்கிறது, சுறாமீன் எல்லாம் உண்டு. ஹாம்பர்க்கில் ஒன்று இப்போது ஓட்டல், மேலே தோட்டம்.

ஜப்பான்காரர்கள் செய்ததுதான் நகர வரைபடத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. மர வீடுகள் நிறைந்த ஊரில் தீக்குண்டு விழுந்தால் தீயை நிறுத்த ஒரே வழி நடுவே காலி இடம். ஆகவே 1944-45-ல் வரிசை வரிசையாக வீடுகளைத் தாங்களே இடித்தார்கள். கியோட்டோவில் பெரிய குண்டுவீச்சு நடக்கவே இல்லை, ஆனாலும் ஓயிகே, கோஜோ, ஹொரிகாவா சாலைகள் இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம் அந்த இடிப்புதான். ஹிரோஷிமாவின் 100 மீட்டர் அகல அமைதிச் சாலையும் தீத்தடுப்பு வெளியாகத் தொடங்கியதே. 1945 ஆகஸ்ட் 6 காலையில் அந்த மாதிரி இடங்களில் வீடு இடிக்கும் வேலைக்குப் பள்ளி மாணவர்களை நிறுத்தியிருந்தார்கள். கூரையோ நிழலோ இல்லாத வெளியில் நின்ற பல ஆயிரம் பிள்ளைகள் அன்றைக்கு இறந்துபோனார்கள்.

கே: போரில் தரைமட்டமான நகரத்தைப் பழையபடியே கட்டுவது நல்லதா, புதிதாகக் கட்டுவது நல்லதா?

ப: வார்சாவும் ராட்டர்டாமும் இரண்டு கோடிகள். தங்களுக்கு எதிராக 1944-ல் நடந்த எழுச்சிக்குப் பிறகு ஜெர்மானியர்கள் வார்சாவைத் தெருத்தெருவாகத் திட்டமிட்டு அழித்தார்கள், போர் முடிந்தபோது நகரத்தில் சுமார் 85 சதவீதம் இல்லை. வேண்டுமென்றே அழித்தார்கள் என்பதாலேயே போலந்துக்காரர்கள் பழைய நகரத்தை அப்படியே திரும்பக் கட்டினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பெல்லோட்டோ என்ற ஓவியர் வரைந்த தெருக்காட்சிகளையும், கட்டடக்கலை மாணவர்கள் போருக்கு முன் அளந்து வரைந்து, பின்பு ஒளித்துவைக்கப்பட்ட படங்களையும் வைத்துக்கொண்டு கட்டினார்கள். செங்கல் பற்றாக்குறைக்கு வேறு நகரங்களின் இடிபாட்டிலிருந்து செங்கல் வந்தது. அந்த நகரங்களின் மறுகட்டுமானம் அதனால் தள்ளிப்போனதை யாரும் அதிகம் பேசுவதில்லை. 1980-ல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்தது, முப்பது வயதுகூட நிரம்பாத பல கட்டடங்களோடு.

ராட்டர்டாம் நேர்மாறு. சில கட்டடங்கள் தவிர எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, நிலத்தைக் கையகப்படுத்தி, புதுத் தெருக்கோடுகள் போட்டார்கள். 1953-ல் திறந்த லைன்பான் என்ற கடைத்தெரு வண்டி நுழையாத தெருக்களுக்கு உலகம் முழுக்க முன்மாதிரி. 1940 குண்டுவீச்சில் பிடித்த தீ எங்கே வரை போனது என்பதைத் தரையில் விளக்குகள் பதித்துக் காட்டியிருக்கிறார்கள், கோட்டின் ஒரு பக்கம் பழைய ஊர், மறுபக்கம் புது ஊர்.

எனக்கு வார்சா பக்கம்தான் சாய்வு. அங்கே திரும்பக் கட்டியது ஏக்கத்தினால் மட்டும் இல்லை, ‘நீ அழித்தது அழியவில்லை’ என்று எதிரிக்குச் சொல்வதற்காக. ஆனால் அங்கேயும் பழைய முகப்புக்குப் பின்னால் புது வீடுகள்தான், கழிப்பறை, வெளிச்சம் எல்லாம் போட்டு. பழையபடியே என்றால் நெரிசலையும் சேர்த்துக் கட்ட வேண்டும், அதை யாரும் கேட்கவில்லை.

கே: அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஐந்து மைலுக்கு ஒரு மைல் நேராக இருப்பது போர் விமானம் இறங்கத்தானாமே?

ப: கட்டுக்கதை. அப்படி எந்தச் சட்டமும் இல்லை. 1956-ல் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட அந்தச் சாலைத் திட்டத்தின் பெயரிலேயே ‘பாதுகாப்பு’ என்ற சொல் இருந்தது உண்மை, அதிலிருந்து முளைத்த கதையாக இருக்கலாம். ராணுவம் உண்மையில் கேட்டு வாங்கியது ரொம்ப சாதாரணமான விஷயம்: ஏவுகணையும் தளவாடமும் ஏற்றிய லாரி அடியில் போக, பாலங்களின் உயரம் 14 அடி போதாது, 16 அடி வேண்டும் என்றது. நிஜமாகவே சாலையில் விமானம் இறக்குகிற நாடுகள் வேறு: ஸ்வீடன், பின்லாந்து, தைவான், சிங்கப்பூர். இந்தியாவிலும் ஆக்ரா–லக்னோ விரைவுச் சாலையில் இறக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

கே: இந்தக் காலத்துக் கட்டடங்களில் ராணுவக் கட்டடக்கலை என்று ஏதாவது இருக்கிறதா?

ப: நிறைய, ஆனால் கோட்டை மாதிரித் தெரியாது. சிங்கப்பூரில் 1997-க்குப் பிறகு கட்டிய வீடுகளில் கனமான இரும்புக் கதவு வைத்த ஒரு சின்ன அறை இருக்கும், குண்டுக்கு ஒதுங்க. எல்லோரும் அதில் அரிசி மூட்டையும் பழைய பெட்டியும் போட்டு வைத்திருக்கிறார்கள். இஸ்ரேலில் 1991 வளைகுடாப் போரில் ஏவுகணைகள் விழுந்த பின், புது வீடுகளில் கான்கிரீட் காப்பறை கட்டாயம் ஆனது. சுவிட்சர்லாந்தில் 1963 சட்டப்படி எல்லோருக்கும் பதுங்கிடம் வேண்டும், இன்றைக்கு அந்த நாட்டு ஜனத்தொகையைவிடப் பதுங்கிடங்களில் இடம் அதிகம்.

அதிலும் லூசெர்ன் நகரின் சோனன்பெர்க் சுரங்கச் சாலை ஒரு கூத்து. 20,000 பேர் தங்கலாம் என்று 1976-ல் திறந்தார்கள், ஒவ்வொரு கதவும் நூற்றுக்கணக்கான டன். 1987-ல் ஒத்திகை பார்த்தபோது ஒரு கதவு சரியாக மூடவில்லை. கதவு மூடினாலும் இருபதாயிரம் பேரை ஒரு சுரங்கத்துக்குள் இரண்டு வாரம் வைத்திருந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை. 2006-ல் அதை 2,000 பேருக்கு என்று சுருக்கிவிட்டார்கள். எனக்கு ஹெல்சிங்கி செய்வதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது: பாறைக்குள் குடைந்த பதுங்கிடத்தை நீச்சல்குளமாகவும் விளையாட்டு அரங்கமாகவும் தினம் பயன்படுத்துகிறார்கள், அவசரம் என்றால் 72 மணி நேரத்தில் காலி செய்து மாற்றிவிடலாம். தினமும் ஆள் புழங்கும் இடத்தில் விளக்கு எரியும், காற்று வரும், கதவு துருப்பிடிக்காது. கீவ் நகரின் மெட்ரோ நிலையங்கள் 2022-ல் ஒரே நாளில் பதுங்கிடம் ஆக முடிந்ததும் இதனால்தான்.

இன்னொன்று, தூதரகங்கள். 1983-ல் பெய்ரூட்டில் அமெரிக்கத் தூதரகத்தை வெடிகுண்டு வண்டி தகர்த்தது, அதே ஆண்டு அங்கே அமெரிக்க மரைன் படையினரின் குடியிருப்பும் தகர்ந்தது. 1985-ல் ஒரு குழு போட்ட பரிந்துரை: தூதரகக் கட்டடத்துக்கும் தெருவுக்கும் நடுவே 100 அடி காலி இடம் வேண்டும். ஊர் நடுவில் நூறு அடி காலி இடத்துக்கு எங்கே போவது, ஆகவே தூதரகங்கள் ஓரத்துக்கு நகர்ந்தன. லண்டனில் 2018-ல் திறந்த புதுத் தூதரகத்தின் முன்னால் அரைவட்டமாக ஒரு குளம் வெட்டியிருக்கிறார்கள், சுற்றிலும் செடிகொடி, பார்க்க இதமாக இருக்கிறது. லாரி உள்ளே வர முடியாது. அகழி என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள், நாம் சொல்லிக்கொள்ளலாம்.

உக்ரைனில் கெர்சோன் பக்கம் ட்ரோன்களுக்குப் பயந்து சாலைகளுக்கு மேல் வலை கட்டியிருக்கிறார்கள். சுவர் கட்டி, பதுங்குகுழி தோண்டி, இப்போது தெருவுக்கே கூரை. போர் நின்ற பிறகு அந்தக் கம்பங்கள் எதற்குப் பயன்படும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கே: இதையெல்லாம் நேரில் பார்க்க ஒரே ஓர் ஊருக்குத்தான் போக முடியும் என்றால் எங்கே போகலாம்?

ப: இத்தாலியின் லூக்கா. நட்சத்திரம் வேண்டும் என்று பால்மநோவாவுக்குப் போகாதீர்கள், தரையில் நின்றால் அது தெரியவே தெரியாது, புல்மேடும் பள்ளமும்தான் தெரியும். லூக்காவில் மதில் முழுசாக இருக்கிறது, நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், மதிலின் தலையிலேயே மரம் நட்டுச் சாலை போட்டிருக்கிறார்கள், நடந்தோ சைக்கிளிலோ ஒரு சுற்று வரலாம். கட்டி முடிக்க ஒன்றரை நூற்றாண்டு ஆனது, ஒரு படைகூட வந்து தாக்கவில்லை. 1812-ல் செர்க்கியோ ஆறு பெருகி வந்தபோது வாசல்களை அடைத்துக்கொண்டார்கள், வெள்ளம் மதிலோடு நின்றது. போனால் ஒரு கொத்தளத்தின் முனைக்குப் போய் நின்று பக்கத்துக் கொத்தளத்தைப் பாருங்கள். முதல் கேள்விக்கு நான் அரைப் பக்கம் எழுதிய விஷயம் அங்கே அரை நிமிஷத்தில் புரிந்துவிடும்.